திரைக்குப் பின்னால் மிகிரான்

ஸ்காபரோ
6 மே 2024

அன்புள்ள மக்டலீனுக்கு,

எழுத்துக் கோணலாக இருப்பதை முதலில் மன்னித்துக்கொள்ளும். வரிகள் வலப்பக்கம் போகப் போகக் கீழே சரிகின்றன. சில எழுத்துகள் பானைபோலவும் சில கடுகுபோலவும் வந்திருக்கின்றன. இந்தக் கடிதத்துக்கு நான்கு நாள் பிடித்தது. மகன் மரியோ எழுதித் தரவில்லை. நான்தான் எழுதுகிறேன், உம்முடைய றொபேட்.

போன மாரியில் செவ்வாயும் வெள்ளியும் முந்நூற்று நாலு சீட்டு விளையாடப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன் அல்லவா? அது பொய். நூலகத்தின் கீழ்மாடி அறையில் கஜனி ரீச்சர் முதியவர்களுக்குத் தமிழ் எழுத்துப் படிப்பிக்கிறா. எழுபத்து மூன்று வயதில் என் பெயரை நானே எழுதிய அன்று, பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது கடைப் பலகைகளை எல்லாம் வாய்விட்டு வாசித்துக்கொண்டு வந்தேன். முன்னால் இருந்த மனுசி இடம் மாறி இருந்தா.

நான் நல்ல சுகம். பிரஷர்க் குளிசை தவறவில்லை. நீர் பார்க்கப் போன மகள் ஸ்டெபனியின் முறிந்த கால் எப்படி? ஞாயிற்றுக்கிழமை போனில் அவள் ஸ்பீக்கரில் போட்டுவிடுவதால் ஒன்றும் கேட்க முடியவில்லை. ஆகவேதான் கடிதம். சாப்பாடு பரவாயில்லை. ஆனால் உம்முடைய மீன் வெட்டும் கத்தி எனக்கு அடங்குவதில்லை. நேரே வைத்தால் ஒரு பக்கம் சாய்ந்து போகிறது. விளைமீனைத் துண்டு போட்டால் ஆப்பு மாதிரி வருகிறது.

ஒரு கேள்வி. ஐந்து வருடமாக இராச்சாப்பாட்டுக்குப் பிறகு பேப்பரில் வரும் பாரசீகக் கதையை எனக்கு வாசித்துக் காட்டினீர். நீர் விமானம் ஏறிய கிழமை, கொலைகாரன் மிகிரான் சூசா நகரத்து அரண்மனையில், மன்னர் மன்னனின் படுக்கை அறைத் திரைக்குப் பின்னால் நின்றான். அரசன் முன்னால் எவரும் கையை நீண்ட சட்டைக்கைக்குள் விட்டுக்கொண்டு நிற்கவேண்டும் என்பது அங்கே சட்டம். அவன் கையும் உள்ளே, கத்தியும் உள்ளே. இரண்டு மாதமாக நிற்கிறான். கால் வீங்கியிருக்கும். என்ன செய்யப் போகிறான்?

ஆண்டவர் உம்மைக் காக்கட்டும்.
றொபேட்


ஈஸ்ட்ஹாம், இலண்டன்
21 மே 2024

அன்பின் ஸ்டெபனியின் அப்பாவுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். உங்கள் சுகத்துக்கும் மன்றாடுகிறேன். கடித உறையில் என் பெயரைப் பார்த்ததும் யாரோ பிள்ளை எழுதியது என்று நினைத்தேன். உள்ளே திறந்து உங்கள் பெயரைக் கண்டபின் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு மூன்று தரம் வாசித்தேன். ஸ்டெபனிக்குக் காட்டவில்லை.

கலியாணம் கட்டிய புதிதில் மன்னாரில் வைத்து நான் சிலேட்டு வாங்கித் தந்தேன். அதில் தூண்டில் நூல் சுற்றி வைத்தீர்கள். கனடா வந்து முப்பது வருடம் கெஞ்சினேன். "எனக்கு வாசிக்க நீர் இருக்கிறீர்தானே" என்றீர்கள். இப்போது மட்டும் என்ன வந்தது?

கத்தியைத் தீட்ட வேண்டாம். அது அப்படியே இருக்கட்டும்.

உங்களுக்கு கிளிபோட் ஞாபகம் இருக்கும், ஊரில் கோயில் பதிவேடு எழுதியவர். மூன்று தெரு தள்ளித்தான் இருக்கிறார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டா. சலரோகத்தில் சீனி கூடிக் கண் இரண்டும் போய்விட்டது. உங்களை விசாரித்தார்.

மிகிரான் அங்கேயே நிற்கட்டும். அவனுக்குப் பழக்கம்.

அன்புடன்,
மக்டலீன்


ஸ்காபரோ
9 யூன் 2024

அன்புள்ள மக்டலீனுக்கு,

நான் சுகம். நீரும் ஸ்டெபனியும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். கிளிபோட்டின் கண்ணைக் கேட்டுக் கவலை. அவ்வளவுதான் கவலை.

ஏன் இப்போது படித்தேன் என்று கேட்டீர். மிகிரானால்தான். அவன் ஆறு நாட்டு எழுத்து வாசிப்பான். அரசனின் தூதர்கள் கொண்டுபோகும் ஓலைகளை நிலவில் பிரித்துப் படித்துவிட்டு, முத்திரை கலையாமல் திருப்பி ஒட்டுவான். அந்த இடம் வரும்போதெல்லாம் உம்முடைய குரல் மாறும். மெல்ல வாசிப்பீர். நான் எதிரில் இருந்து மாதுளம்பழம் உரிப்பேன். விமான நிலையச் சமையலறையில் இருபது வருடம் சட்டி கழுவியவன் நான். என்னைப் பற்றி எப்போதாவது அந்தக் குரலில் பேசியிருக்கிறீரா என்று யோசித்தேன். அடுத்த செவ்வாயே கஜனி ரீச்சரிடம் போனேன்.

இப்போது வாசிக்கத் தெரியும். கட்டிலின் கீழே நீர் அடுக்கி வைத்த பேப்பர்களை எடுத்தேன். ஒரு அத்தியாயத்துக்கு ஒரு கிழமை சென்றது. மக்டலீன், பேப்பரில் இருக்கிற மிகிரானுக்கு ஒரு காது இல்லை. வண்டி வயிறு. எழுத்துவாசனையே கிடையாது. மூன்றாம் கிழமையில் நஞ்சு குடித்துச் செத்துப்போகிறான். கதையும் அந்த முதல் வருடமே முடிந்துவிட்டது.

அப்படியானால் ஐந்து வருடமாக என் வீட்டில் இருந்தவன் யார்? மெலிந்த உடம்பு, ஆறு எழுத்து, இடது கையால் திரையை விலக்குகிறவன், ஒருவருக்கும் தெரியாமல் ஒவ்வொரு அறையாகப் போய் வருகிறவன்?

கோயில் பதிவேட்டில் கிளிபோட் எந்தக் கையால் எழுதுவான் என்பது எனக்கு நல்ல ஞாபகம்.

றொபேட்


ஈஸ்ட்ஹாம்
25 யூன் 2024

அன்பின் ஸ்டெபனியின் அப்பாவுக்கு,

எல்லாரும் சுகம். ஸ்டெபனிக்கு மாவுக்கட்டு வெட்டியாயிற்று. ஊன்றுகோலோடு நடக்கிறாள். யூலையில் திரும்பிவரும் விமான ரிக்கற்றைத் தள்ளிப் போட்டிருக்கிறோம். திகதி இன்னும் போடவில்லை.

வெய்யில் நேரம் பார்க்குக்கு நடக்கப் போக வேண்டாம். தண்ணீர் குடியுங்கோ.

கிளிபோட்டுக்கு வாசிக்க ஆள் இல்லை என்று வியாழக்கிழமை பின்னேரங்களில் போய் ஒரு மணித்தியாலம் வாசித்துக் காட்டுகிறேன். நீங்கள் வேறு ஆளிடம் கேட்பதற்கு முதல் நானே சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
மக்டலீன்


ஸ்காபரோ
8 யூலை 2024

மக்டலீனுக்கு,

சுகம்.

வியாழக்கிழமை என்ன வாசிக்கிறீர்? எந்த அறையில் இருந்து? அவனுக்குப் பக்கத்திலா, எதிரிலா? தேத்தண்ணி யார் போடுவது? இதை எல்லாம் போனில் கேட்டால் ஸ்டெபனி சிரிப்பாள். ஆகையால் எழுத்தில் கேட்கிறேன். எழுத்துப் படித்ததால் வந்த முதல் பயன் இதுதான் போல.

நேற்று மரியோ விட்பியில் இருந்து வந்தான். கொத்துரொட்டி வாங்கி வந்தான். நான் கையும் வைக்கவில்லை. என்ன விசயம் என்று கேட்டான். சொன்னேன். "அப்பா, அந்த மனுசனுக்குக் கண் தெரியாது. நீங்கள் ஏன் சும்மா டென்ஷன் ஆகிறியள்?" என்றான்.

"கண் தெரியாதவனுக்குக் காது கூடக் கேட்குமடா," என்றேன்.

அவன் கொத்துரொட்டியைத் தானே சாப்பிட்டு முடித்தான்.

வகுப்பில் இரத்தினவேல் என்னைவிட வேகமாக வாசிக்கிறான் என்று போன மாதம் முழுக்க எரிச்சல்பட்டேன். இப்போது இரத்தினவேலை எனக்குப் பிடிக்கிறது. இரத்தினவேல் இலண்டனில் இல்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். மிகிரானின் முடிவை அவனுக்குச் சொல்லிவிட வேண்டாம். திரைக்குப் பின்னால் அவனை நிற்க வைத்தது என் மேசையில். அவன் என்ன செய்தான் என்பதை முதலில் நான்தான் கேட்கவேண்டும்.

றொபேட்


ஸ்காபரோ
29 யூலை 2024

மக்டலீனுக்கு,

மூன்று கிழமை ஆயிற்று. தினமும் கீழே போய்த் தபால்பெட்டியைத் திறக்கிறேன். பீட்சா விளம்பரம்தான் இருக்கிறது. அதையும் வாசித்துவிட்டுத்தான் எறிகிறேன்.

போனில் இலண்டன் வெக்கையைப் பற்றிப் பேசுகிறீர். ஸ்டெபனியின் கால் ஆறிவிட்டது. ஊன்றுகோலையும் விட்டுவிட்டாள் என்று மரியோ சொன்னான். வர விருப்பம் இல்லையென்றால் எழுதும். இப்போது நான் வாசிப்பேன். ஒருவரும் எனக்கு மாற்றி வாசித்துக் காட்டத் தேவை இல்லை.

றொபேட்


ஸ்காபரோ
19 ஓகஸ்ட் 2024

அன்புள்ள மக்டலீனுக்கு,

போன கடிதம் கெட்ட கடிதம். தபாலில் போட்ட பிறகு பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தேன். இந்த நாட்டுத் தபால்பெட்டியில் கை போகாது.

நான் சுகம் என்று எழுதினால் பொய். பிரஷர் ஏறி இரண்டு நாள் தலைச்சுற்று. இப்போது பரவாயில்லை. மரியோ வந்து நின்றான்.

ஒன்று சொல்லாமல் விட்டேன். நீர் வாசிக்கவில்லை, உம்முடைய மனதில் இருந்து சொல்கிறீர் என்பது எனக்கு எழுத்துத் தெரியுமுன்பே தெரியும். நீர் பேப்பரை விரித்துப் பிடிப்பீர். நான் எதிரில் இருப்பேன். எனக்குத் தெரிவது பின்பக்கம். அதில் வீடு விற்கிற ஆளின் விளம்பரம், சிவப்பு டை, எல்லாப் பல்லும் தெரியச் சிரிப்பு. முதல் வருடம் கிழமைக்குக் கிழமை ஆட்கள் மாறினார்கள். பிறகு அந்த ஒரே ஆள் நான்கு வருடம் என்னைப் பார்த்துச் சிரித்தான். இவன் இன்னும் ஒரு வீடும் விற்கவில்லையா என்று நினைத்தேன். பிறகு விளங்கியது.

விளங்கிய பிறகும் பேசாமல் இருந்தேன். சொன்னால் கதை நின்றுவிடும். கதை நின்றால் நீர் அந்தக் குரலில் பேசுவதும் நின்றுவிடும். ஆனால் உள்ளுக்குள் ஒன்று அரித்துக்கொண்டிருந்தது. பேப்பரில் இருக்கிற மிகிரானைக் கொஞ்சம் அழகாக்கிச் சொல்கிறீர் என்றால் பரவாயில்லை. முழுதாக உம்மிடம் இருந்து வந்தவன் என்றால், அவனுக்கு ஒரு முகம் இருக்கும். அதைப் பார்க்கத்தான் வாசிக்கப் படித்தேன். பார்த்தேன். அந்த முகம் பேப்பரில் இல்லை.

யாருடைய முகம் என்று சொல்லும். கோபிக்கமாட்டேன். கோபித்தாலும் கடலுக்கு இந்தப் பக்கத்தில்தானே இருக்கிறேன்.

உம்முடைய
றொபேட்


ஈஸ்ட்ஹாம்
2 செப்டெம்பர் 2024

அன்பின் ஸ்டெபனியின் அப்பாவுக்கு,

தலைச்சுற்று நின்றுவிட்டதா? மரியோ எனக்குச் சொல்லவே இல்லை. அவனுக்கும் சேர்த்து ஏச்சு வைத்திருக்கிறேன்.

முதலில் கிளிபோட். அவருக்கு நான் வாசிப்பது இணையத்தில் வரும் மரண அறிவித்தல்கள். யாழ்ப்பாணம், மன்னார், பாரிஸ், ரொறன்ரோ என்று ஒன்றும் விடாமல் வாசிக்கவேண்டும். ஒரு வியாழக்கிழமை அலுத்துப்போய் மிகிரானைத் தொடங்கினேன். இரண்டு நிமிடம் கேட்டார். "மக்டலீன், உது உதிலை எழுதியிருக்கோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப வேண்டாம்," என்றார். பதிவேடு எழுதிய மனிதர். எழுதாத ஒன்றும் அவருக்கு வேண்டாம். நான்கு வருடம் அந்தச் சிவப்பு டையைப் பார்த்துக்கொண்டும் பேசாமல் இருந்து கேட்டவர் நீங்கள். அந்த வரியை இன்னும் இரண்டு தரம் வாசித்தேன்.

இரண்டு மாதம் எழுதாமல் இருந்தது கோபத்தால் இல்லை. இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்.

மிகிரான் கிளிபோட் இல்லை. வேறு ஆம்பிளை ஒருவரும் இல்லை. மிகிரான் நான்.

சட்டைக்கைக்குள் கையை விடும் வழக்கம் மட்டும் பேப்பரில் இருந்தது. அதை வாசித்த அன்று என் இடது கை ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்தில் இடது கையால் எழுதினேன் என்று சிஸ்டர் அந்தக் கையைச் சட்டைக்குள் விடச் சொல்லி, வெளியே வராமல் ஊசியால் பூட்டிவிட்டா. ஒரு வருடம் அப்படி இருந்தேன். பிறகு வலது கையால் எழுதினேன், வலது கையால் சிலுவை போட்டேன், வலது கையால் மோதிரம் வாங்கினேன். மிசிசாகாவில் இருபத்திரண்டு வருடம் அலுவலகங்கள் துப்புரவாக்கினேன். எல்லா அறைக் கதவுக்கும் என்னிடம் திறப்பு இருந்தது. பெரிய பெரிய ஆட்களின் மேசைகளில் என்ன கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் வந்துபோனது ஒருவருக்கும் தெரியாது. ஆங்கிலத்தை அந்தக் குப்பைக்கூடைக் கடதாசிகளில்தான் படித்தேன். நீங்கள் ஒருநாளும் அங்கே என்ன நடந்தது என்று கேட்டதில்லை. அதனால் பாரசீகத்தில் நடந்தது என்று சொன்னேன்.

அரசன் யார் என்று கேட்காதேங்கோ.

இப்போது உண்மையான விசயம். ஸ்டெபனி என்னை இங்கேயே இருக்கச் சொல்கிறாள். மேல்மாடியில் ஒரு அறை. யன்னலால் செரிமரம் தெரியும். ஓம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. திரைக்குப் பின்னால் நிற்கிறேன். மிகிரான் என்ன செய்கிறான் என்று இந்த முறை நீங்கள் எழுதுங்கோ. இப்போது உங்களுக்கும் எழுதத் தெரியும்தானே.

மக்டலீன்


ஸ்காபரோ
22 செப்டெம்பர் 2024

அன்புள்ள மக்டலீனுக்கு,

நான் சுகம். உம்முடைய கடிதம் கிடைத்த அன்று குசினிக்குப் போய்க் கத்தியை எடுத்து இடது கையில் பிடித்தேன். விளைமீன் நேராக வெட்டுப்பட்டது. கோப்பையின் அடியில் அதை உம்முடைய கைக்குத் தீட்டி வைத்திருக்கிறீர். நாற்பத்தெட்டு வருடம் அந்த மீனைச் சாப்பிட்டேன். எந்தக் கை வெட்டியது என்று ஒருநாளும் பார்க்கவில்லை.

கிளிபோட்டின்மேல் பொறாமைப்பட்டது சுகமாக இருந்தது, மக்டலீன். அவனை வெல்லலாம் என்று நினைத்தேன். இப்போது உம்முடைய மிகிரான்மேல் பொறாமையாக இருக்கிறது. என்னோடு இருந்ததைவிட அவனோடு கூடக் காலம் இருந்திருக்கிறீர். அவனை வெல்ல எனக்கு வழி தெரியவில்லை. ஆகவே நீர் கேட்டதை எழுதுகிறேன். ஒன்பது நாள் எழுதினேன். கஜனி ரீச்சருக்குக் காட்டவில்லை. பிழைகள் எல்லாம் என்னுடையவை.

மிகிரான் இடது கையால் திரையை விலக்கினான். மன்னர் மன்னன் நித்திரை. வாய் திறந்திருந்தது. ஒரு செருப்பு கட்டிலின் கீழே, மற்றது கதவடியில். மிகிரான் நினைத்தான்: இவனுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. இத்தனை வருடம் ஒரே அரண்மனையில் இருந்தும் என் கத்தி எந்தக் கையில் என்று இவன் பார்க்கவில்லை. குத்தினால் நியாயம்தான். அப்போது அரசன் கண் விழித்தான். காவலரைக் கூப்பிடவில்லை. "கையை வெளியே எடும்," என்றான். "இங்கே சட்டம் இல்லை. குதிரை லாயத்தில் நிற்கிறது. கோட்டைக் கதவைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டேன். போவதென்றால் ஒருவரும் பின்னால் வரமாட்டார்கள். இருப்பதென்றால் விளக்கைக் கொளுத்தும். நீர் போய்வந்த அறைகளைப் பற்றி எனக்குச் சொல்லும். ஒவ்வொரு அறையாகச் சொல்லும்."

அதற்குப் பிறகு மிகிரான் என்ன செய்தான் என்று எனக்குத் தெரியாது. அவன் உம்முடைய ஆள்.

றொபேட்


ஈஸ்ட்ஹாம்
12 ஒக்டோபர் 2024

அன்பின் றொபேட்டுக்கு,

சுகம். நீங்களும் சுகம் என்று நம்புகிறேன்.

விளக்கைக் கொளுத்தினான். முதலில் கதவடியில் கிடந்த செருப்பை எடுத்து மற்றதோடு சேர்த்து வைத்தான்.

நவம்பர் 16, சனிக்கிழமை, பின்னேர விமானம். ஸ்டெபனி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். செரிமரம் எங்கும் போகாது, வந்து பார்க்கிறேன் என்றேன். கிளிபோட்டுக்கு அவருடைய பெறாமகள், தம்பியின் பிள்ளை ஜூலி, மரண அறிவித்தல் வாசிப்பாள்.

ஒரு நிபந்தனை. அங்கே வந்தபிறகும் வியாழக்கிழமை பின்னேரம் என்னுடையது. பஸ் ஏறிப் போவேன், இருட்டமுன் வருவேன். எங்கே என்று கேட்கக்கூடாது.

மக்டலீன்


ஸ்காபரோ
11 நவம்பர் 2024

அன்புள்ள மக்டலீனுக்கு,

நான் நல்ல சுகம். இந்தக் கடிதத்தை இலண்டனுக்குப் போட்டால் நீர் வெளிக்கிட்ட பிறகுதான் போய்ச் சேரும். ஆகவே எங்களுடைய விலாசத்தையே எழுதி, முத்திரை ஒட்டி, சந்தியில் இருக்கிற பெட்டியில் போடப் போகிறேன். நீர் வந்த கிழமை தபால்பெட்டியைத் திறந்தால் பீட்சா விளம்பரத்தோடு இதுவும் இருக்கும்.

கத்தியைத் தொடவில்லை. பேப்பர்களைத் திரும்பக் கட்டிலின் கீழே அடுக்கிவிட்டேன். சிவப்பு டைக்காரனை மட்டும் மேசையில் வைத்திருக்கிறேன். நாலு வருடம் பழகிய ஆள்.

வியாழக்கிழமை எங்கே போனீர் என்று கேட்கமாட்டேன். மற்ற ஆறு நாளும் அதை யோசிப்பேன். அது என் வேலை, உம்முடையது இல்லை. மரியோவிடமும் கேட்டுப் பார்க்கமாட்டேன். ஒருமுறை கேட்டேன். அவனுக்குத் தெரியாதாம்.

சனிக்கிழமை இரவு நீர் களைத்திருப்பீர். கஞ்சி காய்ச்சி வைப்பேன். அதற்குப் பிறகு ஒருநாள், இந்தக் கடிதத்தை எடுத்து எதிரில் இருந்து எனக்கு வாசித்துக் காட்டும். நான் எழுதியதை அப்படியே வாசிக்கவேண்டாம். எழுத்துக் கோணல், உமக்குக் கண் நோகும். கடதாசியை விரித்துப் பிடித்துக்கொண்டு, மிசிசாகாவில் முதலாவது அறையில் இருந்து தொடங்கும். பக்கத்தைத் திருப்பத் தேவை இல்லை. நான் பார்க்கமாட்டேன்.

அதைக் கேட்டுவிட்டு, உம்மிடம் கேட்க எனக்கு நிறைய இருக்கும். வாயால் கேட்டால் சண்டை வரும். முத்திரை இன்னும் நான்கு இருக்கிறது. அடுத்த கிழமையும் எழுதுவேன்.

உம்முடைய
றொபேட்